புள்ளி வைத்தால் போதும்... கோடு போட வேண்டாம்!

``எங்க, நம்ம ஊர் நிலக்கரியைச் சீனத்துல எழுது, பார்ப்போம்!"

2020 ஊரடங்கில் ஒரு மத்தியானம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தா. முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு அக்காவிடம் நீட்டினார். அதில் கிண்டல் இல்லை, பெருமைதான் இருந்தது. மகள் சீனாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். சுரங்கத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

அக்கா சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினாள். வைத்த முனை அப்படியே நின்றது. ஒரு கோடு போட்டாள். அடித்தாள். இன்னொரு கோடு போட்டாள். பிறகு, ``இருப்பா, தெரியும்ப்பா..." என்று சொல்லி போனை எடுக்கப் போனாள்.

``போன் வேணாம்மா. சும்மா எழுது."

அக்கா எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் புரியவேயில்லை. ஏனென்றால், முந்தின நாள் ராத்திரிதான் அக்கா தன் போனை என்னிடம் காட்டியிருந்தாள். சீன எழுத்து எழுதப் பழகும் ஆப் அது. `640 எழுத்துகள் கற்றுவிட்டீர்கள்' என்று பச்சை டிக்கோடு பாராட்டியிருந்தது. அந்த 640-ல் நிலக்கரியும் இருந்தது.

*

அக்கா 2018-ல் சீனாவுக்குப் போனாள். 2020 ஜனவரியில் லீவுக்கு வந்தவள் வந்தவள்தான். கொரோனாவால் திரும்பிப் போக முடியவில்லை. அவளைப் போன்ற ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தார்கள். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் பயிற்சிக்காக மருத்துவமனைக்குள் போனால், நோயாளி சீனத்தில்தான் பேசுவார். அதனால் ஹெச்.எஸ்.கே எனப்படும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை வரை வந்தாக வேண்டும். அப்போது அதற்குச் சுமார் 1,200 வார்த்தைகள். தவிர, வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்லக் கையால் எழுதும் டிக்டேஷனும் உண்டு.

நம் மொழியில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். ஆனால் உயிரும் மெய்யும் குறில், நெடில் குறிகளும் பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும். சீனத்தில் அந்தச் சலுகை இல்லை. வார்த்தைக்கு வார்த்தை புதுப்புது எழுத்து. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கோடு, இந்த வரிசையில்தான் என்று முறையும் உண்டு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக் கோடு முதலில், குத்துக்கோடு பிறகு என்று பொது விதிகள், அவற்றுக்கு விதிவிலக்குகள்.

நிலக்கரிக்குச் சீனத்தில் `மெய்' என்று பெயர். எங்கள் ஊரில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரிக்கு `ஹ மெய்'. நேராக மொழிபெயர்த்தால் `பழுப்புக் கரி'. நாம் வைத்த பெயரேதான்! `மெய்' என்ற எழுத்துக்கு 13 கோடுகள். அந்தப் பதின்மூன்றையும் அக்கா போன் திரையில் பலமுறை போட்டிருக்கிறாள். பேப்பரில் ஏன் வரவில்லை?

அன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் படிப்பதைப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது.

திரையில் எழுத்தின் வடிவம் சாம்பல் நிறத்தில் நிழல்போலத் தெரிகிறது. அக்காவின் விரல் அதன்மேல் போகிறது. எங்காவது தயங்கினால் மூலையில் ஒரு பல்பு படம். அதைத் தொட்டால் அடுத்த கோடு நீல நிறத்தில் மின்னும். அதன்மேல் விரலை இழுத்தால் பச்சை டிக். 13 கோடுள்ள எழுத்தில் ஏழு தடவை பல்பைத் தொட்டாலும் அதே பச்சை டிக்தான். `சபாஷ், இந்த எழுத்து இனி பத்து நாள் கழித்து வரும்' என்று ஆப் அதைத் தூரத் தள்ளிவிடும்.

அதாவது, அக்கா தனக்குத் தெரிந்ததை எழுதவில்லை. ஆப் தனக்குத் தெரிந்ததை அக்காவின் விரலை வைத்து எழுதிக்கொண்டிருந்தது.

``நீ எத்தனை தடவை பல்பைத் தொடுறேன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

``தொடவே மாட்டேன்டா, எப்பவாவது" என்றாள். எண்ணிக் காட்டினேன். 20 எழுத்துகளில் 61 தடவை. அக்காவின் முகம் மாறிவிட்டது. திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இல்லை. திருடு கொடுத்தவள் மாதிரி.

*

இதே நேரத்தில் எங்கள் வீட்டில் இன்னொருவரும் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். ஆயா. அப்பாவின் அம்மா.

ஆயாவுக்கு அப்போது 70 வயசு. பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கேயும் கைநாட்டுதான். ஊரடங்குக்குச் சில மாதம் முன்பு ஓர் அலுவலகத்தில், அங்கிருந்தவர் ஆயாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், கட்டை விரலை ரப்பர் ஸ்டாம்ப்பைப் பிடிப்பதுபோலப் பிடித்து மையில் அமுக்கி, தாளில் அமுக்கிவிட்டு, ``அடுத்து" என்றாராம். வீட்டுக்கு வந்து ஆயா சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ``மை போவலடா" என்றார். மையை மட்டும் சொல்லவில்லை என்பது அப்பாவுக்குப் புரிந்தது.

ஊரடங்கு வந்ததும் அப்பா ஒரு நோட்டு வாங்கி, ஆயாவின் பெயரைப் பக்கம் பக்கமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக் கொடுத்தார். நான்கே எழுத்து. புள்ளிகளின்மேல் ஆயா அழகாக இழுப்பார். இரண்டு நோட்டு முடிந்தது. மூன்றாவது நோட்டில் அப்பா புள்ளி வைக்காமல் கொடுத்தார். முதல் எழுத்தின் சுழி வரைக்கும் வந்து ஆயாவின் கை நின்றது. வராந்தாவில் அக்காவின் பேனா நின்றதே, அதே மாதிரி.

``புள்ளி இருந்தா கை போவுதுடா. மனசு போவல" என்றார் ஆயா.

நான் சும்மா இருக்காமல், ``நீ தினம் புள்ளி வெச்சுதானே ஆயா கோலம் போடுற? அதை மட்டும் எப்படி மறக்காம போடுற?" என்று கேட்டேன்.

ஆயா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ``கோலத்துல புள்ளி இடத்தைத்தான்டா சொல்லும். கோடு எப்படிப் போவணும்னு சொல்லாது. அது நான்தானே போடணும்?"

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு வளைந்து போகும். ஏழு புள்ளி வைத்தால் வாசலில் அளவு கிடைக்கும், வரிசை கிடைக்கும், தைரியம் கிடைக்கும். ஆனால் எங்கே வளைய வேண்டும் என்பதைப் போடுபவர்தான் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அப்பா நோட்டில் வைத்த புள்ளி அப்படியில்லை. அது கோட்டையே வெட்டி வெட்டிப் போட்டது. பெயர்தான் புள்ளி, வேலை முழுக்க அதுவே செய்துவிட்டது. அக்காவின் ஆப்பில் இருந்த நிழலும் நீலக் கோடும் அதே வகை.

*

எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த நண்பன் அப்போது கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். காலேஜ் மூடிக் கிடந்தது. அவனிடம் கதையைச் சொன்னேன். இரண்டே நாளில் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்.

சீன எழுத்துப் பயிற்சிக்கான மென்பொருளை நாமே முதலிலிருந்து எழுத வேண்டியதில்லையாம். `மேக் மீ எ ஹான்ஸி' என்று ஒரு திறந்தவெளித் தரவுத் தொகுப்பு இருக்கிறது. 9,000-க்கும் மேற்பட்ட சீன எழுத்துகளுக்கு ஒவ்வொரு கோட்டின் வடிவமும் வரிசையும் அதில் இலவசமாகக் கிடைக்கும். அதை உருவாக்கியவர் ஷௌனக் கிஷோர். அந்தத் தரவை வைத்து டேவிட் சானின் என்பவர் எழுதிய `ஹான்ஸி ரைட்டர்' என்ற நிரல், விரலால் எழுதுவது சரியா தப்பா என்று கோடு கோடாகப் பார்த்துச் சொல்லும். யாரும் எடுத்துத் தங்கள் பக்கத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன எண். ஒரு கோட்டை எத்தனை முறை தப்பாகப் போட்டால் உதவி காட்ட வேண்டும் என்பதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அங்கே இருப்பது 3. மூன்று முறை தடுமாறும் வரை மென்பொருள் வாயைத் திறக்காது. நம் வீட்டில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

நண்பனும் நானும் முதலில் செய்தது சுத்த மடத்தனம். உதவியே வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். நிழல் இல்லை, பல்பு இல்லை, வெறும் வெள்ளைக் கட்டம். அக்கா முதல் நாள் நான்கு எழுத்து எழுதினாள். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் போனைத் தொடவே இல்லை. ``கடுப்பா இருக்குடா. எதுக்குத் தப்புன்னுகூடச் சொல்ல மாட்டேங்குது" என்றாள். அழுகிற குரல்.

அவள் தடுமாறிய ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். `மெய்' எழுத்தின் இடது பாதி, நெருப்பைக் குறிக்கும் `ஹுவோ'. நான்கு கோடு. ஒரு மனிதன் கால் விரித்து நிற்பதுபோல இரண்டு கோடு, இரு பக்கமும் தீப்பொறிபோல இரண்டு சின்னக் கோடு. நமக்கு மனிதனை முதலில் போட்டுவிட்டுப் பொறியைப் பிறகு வைக்கத்தான் தோன்றும். முறைப்படி இரண்டு பொறியும்தான் முதலில். அக்கா மனிதனை முதலில் போட்டாள். `தப்பு' என்றது திரை. வடிவம்தான் தப்பு என்று நினைத்து அவள் அதே கோட்டைச் சாய்த்தும் நீட்டியும் மாற்றி மாற்றிப் போட்டாள். வடிவம் சரி, வரிசைதான் தப்பு. அதைச் சொல்ல ஆளில்லை.

எனவே திரும்ப உட்கார்ந்தோம். இந்த முறை ஆயாவின் கோலத்தை மனதில் வைத்துக்கொண்டு உதவியைப் படிப்படியாக அடுக்கினோம்.

முதல் படி, `கோடு சரி, இப்போது இல்லை' என்று தப்பின் வகையை மட்டும் சொல்வது. இரண்டாவது, எழுத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று சொல்வது. நிலக்கரி என்றால், `இடது பக்கம் நெருப்பு. வலது பக்கம் அடியில் மரம்'. அந்த வலது பாதி ஓசைக்காகச் சேர்க்கப்பட்டதாம். இருந்தாலும் புதைந்த மரங்கள்தானே நிலக்கரி! நெய்வேலிப் பிள்ளைக்கு இது மறக்குமா? மூன்றாவது, அடுத்த கோடு தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி. எந்தப் பக்கம் போவது என்பது அவள் பாடு. அதற்கும் வரவில்லை என்றால்தான் கோடு மின்னும்.

இரண்டு கண்டிஷனும் போட்டோம். பல்பு எட்டு விநாடி கழித்துத்தான் வரும். கோட்டைப் பார்த்து எழுதினால் பச்சை டிக் கிடையாது. அந்த எழுத்து மறுநாளே திரும்ப வரும். தண்டனையாக இல்லை, இன்னும் பழகவில்லை என்பதற்கான குறிப்பாக.

அந்த எட்டு விநாடிக்கு அக்கா என்னைத் திட்டாத திட்டில்லை. ஆனால் ஒரு வாரத்தில் அவளே சொன்னாள். ``டேய், ஆறாவது விநாடில பாதி எழுத்து தானா வந்துடுதுடா. இத்தனை நாள் அதை வரவே விடல நான்."

*

பின்னால் ஜர்னலிசம் டிப்ளமா படிக்கும்போது, ஓர் அசைன்மென்ட்டுக்காகத் தேடியதில் இதற்கு ஆராய்ச்சியே இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்து, ஒரு பிரிவினரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள்.

அந்த `ஐந்து நிமிடம்'தான் ஏமாற்றுகிறது. உதவியோடு செய்தால் உடனே நன்றாக வரும். நமக்கும் திருப்தி, சொல்லிக்கொடுப்பவருக்கும் திருப்தி. கணக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

சீனர்களுக்கே இந்தச் சிக்கல் இருக்கிறது. `பேனாவை எடுத்தால் எழுத்து மறக்கிறது' என்ற பொருளில் அங்கே ஒரு சொல்வழக்கே உண்டு. போனில் ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்தால் சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். பார்த்தால் தெரியும்; எழுதினால் வராது.

சிரிக்காதீர்கள். நானும் அந்த லட்சணம்தான். டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்குப் பத்து செய்தி தட்டுகிறேன். இரண்டு எழுத்து அடித்தால் மூன்றாவதைக் கீபோர்டு நீட்டிவிடுகிறது. போன மாதம் ஒரு விண்ணப்பத்தைக் கையால் நிரப்பும்போது `நிரந்தர முகவரி' என்பதில் சின்ன ர-வா பெரிய ற-வா என்று பேனா நின்றுவிட்டது. தமிழில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்! யாரிடமும் சொல்லாமல் போனில் தட்டிப் பார்த்துக்கொண்டேன். பல்பைத் தொட்டேன், வேறென்ன?

*

ஆயாவின் நோட்டையும் அப்பா மாற்றினார். இந்தத் தடவை நான்கு எழுத்தில் முதல் மூன்றை முழுசாக எழுதிக் கொடுத்து, கடைசி எழுத்தை மட்டும் ஆயாவிடம் விட்டார். அது வந்ததும், கடைசி இரண்டு. பிறகு மூன்று. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக உதவியை உருவிக்கொண்டே வந்தார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெயரை முடித்துவைப்பது ஆயாவின் கையாகவே இருக்கும். இந்த முறைக்கு ஏதோ பெயர் இருக்குமென்றெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. ``வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறப்ப பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடுவோம்ல... அதான்" என்றார்.

2022 ஆகஸ்ட்டில் சீனா மீண்டும் மாணவர் விசா தர ஆரம்பித்தது. அக்கா அந்த வருஷக் கடைசியில் கிளம்பிப் போனாள். போன சில வாரத்தில் ஒரு போட்டோ அனுப்பினாள். கோடு போட்ட தாளில், பேனாவால், `ஹ மெய்'. அடித்தல் திருத்தல் இல்லை. கீழே, ``பார்க்காம எழுதினேன்னு அப்பாகிட்ட சொல்லு". அப்பா பர்ஸிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். அதே தாள். இரண்டு கோடும் அடித்தலுமாக அத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது. போட்டோவைப் பிரின்ட் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது, அக்கா கிளம்புவதற்கு முந்தின வாரம் நடந்தது.

ஆயாவின் வங்கிக் கணக்கைக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற்றப் போனோம். ஆயா, அப்பா, அக்கா, நான் - ஒரு கையெழுத்துக்கு நான்கு பேர். கவுன்டரில் இருந்த பெண் ஆயாவைப் பார்த்ததும் பழக்கத்தில் மை டப்பாவை முன்னால் நகர்த்தினார். ஆயா அதை ஒரு விரலால் மெதுவாகத் திரும்ப நகர்த்திவிட்டு, ``பேனா குடும்மா" என்றார்.

அந்தப் பெண் ஒரு விநாடி பார்த்தார். பிறகு மை டப்பாவை மூடி டிராயருக்குள் போட்டுவிட்டு, பேனாவை எடுத்துக் கொடுத்து, படிவத்தில் ஒரு கட்டத்தின் ஓரத்தில் விரல் நுனியை வைத்தார். ``இங்கே பாட்டி." அவ்வளவுதான். விரலை எடுத்துவிட்டார்.

முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் ஆயாவின் கை நின்றது. பின்னால் வரிசையில் நாலைந்து பேர். யாரோ இருமினார்கள். எனக்குத் தாங்கவில்லை. அந்த எழுத்தைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆறு வரைக்கும் எண்ணியிருப்பாள். ஆயாவின் பேனா நகர்ந்தது.